களப்பணி, இருநூறு மணி நேரம்

வீட்டிலிருந்தபடியே களப்பணி எப்படி என்று
சுற்றறிக்கைக்கும் தெரியவில்லை.
குன்னூரில், ஹீட்டர் பக்கம் உட்கார்ந்து
'பயனாளி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்' என்கிறேன்.
முப்பத்தொன்பது கறுப்புக் கட்டங்கள்.
ஒன்றிலிருந்து மட்டும் காற்றுச் சத்தம்.

யோகமலர். கொளப்பள்ளி, ஐந்தாம் லைன்.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் டவர்.
"மிஸ், கீழ யானை நிக்குது.
கிளாஸ் முடிஞ்சாலும் நான் இங்கதான் இருப்பேன்."
யாரோ சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள்.
நான் வருகை போட்டேன்.

அப்புறம் பன்னிரண்டு நாள் அவள் வரவில்லை.
அதையும் போட்டேன்.

ஜூலையில் வாட்ஸ்அப்பில் வந்தது அறிக்கை,
கோடு போட்ட நோட்டில், ஓரம் நனைந்து:

களம்: எங்க வீடு.
பயனாளிகள்: ஐந்து பேர், ஒரு போன்.
பிரச்சினை: தம்பிக்கும் பத்து மணிக்குத்தான் வகுப்பு.
தலையீடு: கொழுந்து எடுக்கப் போனேன்.
விளைவு: ரீசார்ஜ். அரிசிக்கடைப் பாக்கியில் பாதி.

சொந்தக் குடும்பத்தை ஆய்வுக்கு எடுக்கக் கூடாது.
முதல் செமஸ்டரில் நான்தான் நடத்தினேன்,
'தொழில்முறை விலகல்' என்று
இரண்டு கையாலும் இடைவெளி காட்டி.

மதிப்பெண் பட்டியல் திறந்தே கிடக்கிறது.
எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தை மட்டும்
அவள் நிரப்பவில்லை.