கம்பத்தின் மேல் ஆந்தை

பிப்ரவரி. தார்த்து நகரத்து ஆற்றங்கரையில்
ரேலிக்கா மாட்டிய கேமரா
பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

பூனையின் மூளையைப் பார்த்துக் கட்டிய வலை.
முதல் அடுக்குக்குக் கோடு மட்டும் தெரியும்:
சாய்ந்த கோடு, நின்ற கோடு.
அடுத்ததற்கு முனை, வளைவு.
அலகும் இறகும் மேலே எங்கோ.
எங்கே என்றால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

செவ்வாய் காலை 7.52.
ஆந்தை. எண்பத்து நான்கு விழுக்காடு.

படத்தைத் திறந்தாள்.
யாரோ தவறவிட்டு, யாரோ எடுத்து
வேலிக் கம்பத்தில் செருகிவைத்த
சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை.
கட்டைவிரல் மட்டும் விறைத்து நிற்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
காலையில் அந்த வழியே சைக்கிளில் வந்தபோது
அவளும்தான் பிரேக் பிடித்தாள்.
ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு
அவளுக்கும் அது ஆந்தை.
பிறகு திரும்பிப் பார்த்தாள்.

திரும்பிப் பார்க்க வலைக்குக் கழுத்தில்லை.
கீழிருந்து மேலே ஒரே ஏற்றம்;
இறங்கி வர ஒரு படி வைக்கவில்லை.
வைக்காதது அவள்.

‘கையுறை’ என்று திருத்தினாள்.

வியாழன் இரவெல்லாம் பனி கொட்டியது.
வெள்ளி 8.10.
எதுவும் இல்லை. தொண்ணூற்றொன்பது விழுக்காடு.

எல்லாக் கம்பங்களும் வெள்ளைத் தொப்பி போட்டிருக்க
ஒன்று மட்டும் மொட்டை மரமாய்.
யாரோ வந்து
உதறிப் போட்டுக்கொண்டு
விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுப்
போயிருக்கிறார்கள்.

பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள்.
‘மற்றவை’ மேல் நிற்கிறது அம்புக்குறி.
இன்னும் அழுத்தவில்லை.