பாண்டி ஒண்ணு

ஏழாம் தேதி சாயங்காலம்.
வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது:
பாண்டி ஒண்ணு.
சீட்டைக் கிழித்த கண்டக்டர் பூவராகன்
முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தான்.
நகமெல்லாம் நீலம்.
சிப்காட்டில் சாயத் தொட்டி கழுவுகிறவன் கை
மண்ணெண்ணெய்க்கும் அடங்காது.

இதை ஆசை என்பவர்கள் சொல்லட்டும்.
ஆசை தேதி பார்க்குமா?
சம்பளம் ஏறியதும் செல்போன் ஒருமுறை சிணுங்கும்.
அந்தச் சத்தத்துக்கே
கால் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

அஞ்சலாட்சியிடம் ஓவர்டைம் என்பேன்.
அவளுடைய கணக்கு நோட்டில்
மாதம் ஒரு வரி என் கையெழுத்து:
வண்டி ரிப்பேர்.
கணக்கின்படி, ஒன்பது வருடத்தில்
அந்தப் பழைய டிவிஎஸ்ஸுக்கு
இரண்டு புது வண்டியின் உதிரிபாகம் மாட்டியிருக்கிறேன்.
அவள் கூட்டிப் பார்க்கிறவள்தான்.
போன தீபாவளிக்கு
முறுக்கு பிழிந்துகொண்டே,
"அந்த வண்டிய வித்துடேன்" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஓர் அறைக்கு
நம்பிக்கை மையம் என்று பெயர்.
உள்ளே போனால் நமக்குப் பெயர் இல்லை, நம்பர்.
ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து
கொளஞ்சியப்பருக்கு
மனசுக்குள்ளேயே பிராது எழுதிக் கட்டினேன்:
இந்த ஒரு தடவை விட்டுடு சாமி,
இனி பெண்ணையாற்றுப் பாலம் தாண்ட மாட்டேன்.
இல்லை என்று தாள் வந்தது.
மூன்று மாதம் அதைப் பர்ஸில் வைத்திருந்தேன்,
சத்தியம் மாதிரி.
நாலாம் மாதம் எடுத்துப் பார்த்தால்
அதே தாள்
அனுமதிச் சீட்டு மாதிரி இருந்தது.

அந்த மாடி அறையில்
முதல் தடவை அவள் ரேகா. அப்புறம் நித்யா.
நான் எப்போதும் நெய்வேலிக்காரன்.
ஒருநாள் நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தது.
ஃபேன் ஓடியது. பேச ஒன்றுமில்லை.
என் கையைப் புரட்டிப் பார்த்தாள்.
"நெய்வேலின்னா கரிதானே ஒட்டும்?
இது கடலூர் நீலமாச்சே.
எங்கண்ணனுக்கு இருந்துது."

இருக்கு என்று சொல்லவில்லை.
இருந்துது.

என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம்.
தாளை எண்ணி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன்.
இத்தனை வருடம் கொடுத்த பணம்
மாடிக்கு ஏறுவதற்கு இல்லை போல,
எதையும் கேட்காமல் இறங்கி வருவதற்கு.

விடுகிறேன் என்பது எனக்கு
நிறுத்தக் கணக்கு.
தையில் தவளக்குப்பம் வரை போய் இறங்கினேன்.
மாசியில் கன்னியக்கோயில்.
பங்குனியில் ஏறவே இல்லை.
நோட்டில் என் வரி இல்லாததைப் பார்த்து
அஞ்சலாட்சி பேனாவை மூடிவைத்த சத்தம்
இன்னும் காதில் இருக்கிறது.
சித்திரையில் கடைசி வரை போனேன்.
அவள் அங்கே இல்லை. வேறொருத்தி.
அந்தப் பெண் என் நகத்தைக் கவனிக்கவில்லை.

இன்றைக்கு ரெட்டிச்சாவடி.
"பாண்டிக்குத்தானே எடுத்தீங்க?"
"இங்க ஒரு வேலை."
பூவராகன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் தாமதித்தே ஊதினான்.

கடலூர் வண்டிக்கு
எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும்.
இன்னும் சாலையைக் கடக்கவில்லை.
சட்டைப் பையில் பாண்டி வரைக்குமான சீட்டு
வியர்வையில் நைந்துகொண்டிருக்கிறது.
ஒரு வண்டி ஆளைக் கண்டு வேகம் குறைத்து, போனது.
இன்னொன்று.
பெண்ணையாற்றுப் பக்கமிருந்து
மூன்றாவதின் வெளிச்சம்.
கையைத் தூக்குகிறேன்,
நான் வரலை என்று சொல்லத்தான்.

டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார்.