பொய்ப் புத்தகங்கள்

நுழைவுச்சீட்டோடு ஆளுக்கொரு ஜோடி
கம்பளிச் செருப்பும் தந்தார்கள்.
ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டும்,
காலைத் தூக்கக்கூடாது, வழுக்கித்தான் போகவேண்டும்
என்றாள் வழிகாட்டி ஒர்ஷோயா.
ஆக, காசு கொடுத்து வந்த பதினோரு பேர்
ஆயரின் மரத்தரையைத் துடைத்துக்கொண்டே
அறை அறையாய்ப் போனோம்.

விருந்து மண்டபத்துக்குக் கூரை இல்லை.
அதாவது, இருக்கிறது; இல்லையென்று வரைந்திருக்கிறார்கள்.
மேகம் பிளந்து, உள்ளே இன்னொரு மேகம்,
விளிம்பில் கால் தொங்கப்போட்டு ஒரு தேவதூதன்.
கணுக்கால் வரை வெறும் சாயம்.
பாதம் மட்டும் சுண்ணச்சாந்தில்
சுவரை விட்டு வெளியே நீண்டிருக்கிறது,
கட்டைவிரல் நகத்தோடு.
மாணவியர் விடுதியாக இருந்த காலத்தில்
அதற்குக் குறிவைத்துப் பந்தெறிவார்களாம்.
சுண்டுவிரல் புதுசு.

கீழே சட்டத்துக்குள் ஆயர்.
இரட்டை முகவாய். களைத்த, கெட்டிக்காரக் கண்கள்.
முத்தத்துக்கு நீட்டிய மோதிரவிரல்.
"குளிரே ஆகாது அவருக்கு" என்றாள்,
மாடிவீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

மூலையில் வெள்ளைப் பீங்கான் கணப்பு,
ஆளைவிட உயரம், உச்சியில் பொன்முடி.
அதைச் சுற்றிச் சுற்றி வந்தார் கெல்லேர்ட்,
நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போட்டு ஓய்வுபெற்றவர்.
"கதவைக் காணோமே. விறகை எங்கே போடுவது?"

ஒர்ஷோயா நூலகத்துக்கு அழைத்துப்போனாள்.
தோல் முதுகு, தங்க எழுத்து,
மறையுரைகள் எட்டுத் தொகுதி.
ஐந்தாவதை அழுத்தினாள்.
எட்டும் சேர்ந்து திறந்தன.

முழங்கை இடிக்கும் இடுக்கு,
அறைகளின் முதுகோடு முதுகாய் ஓடுகிறது.
எல்லாக் கணப்புக்கும் இங்கேதான் வாய்.
பீங்கான் இல்லை, பொன் இல்லை,
கரி, கரி, மேலும் கரி.
ஆயர் முன் குனியாத பதினோரு தலைகளும்
இங்கே குனிந்தன.
சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபம் நடக்கும்,
இருமக்கூடாது என்பது அன்றைய விதி.

கணக்கேடு இருக்கிறதாம்.
விறகு எத்தனை வண்டி, மெழுகுதிரி எத்தனை,
தவக்கால மேசைக்கு நத்தை எத்தனை கூடை.
பெயர்?
பெயர் இல்லை.
'அடுப்புக்காரர் இருவர். காலணி, ஒரு ஜோடி.'

யார் போட்டுக்கொண்டார் என்று கேட்டார் கெல்லேர்ட்.
அடுத்த அறையில் வெள்ளித் திருப்பாத்திரங்கள் என்றாள் ஒர்ஷோயா.

வாசலில் செருப்புகளைக் கூடையில் போட்டோம்.
கெல்லேர்ட் ஒற்றையைத்தான் போட்டார்.
மற்றது இடுக்கில் கழன்றுவிட்டதாம்.
விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை
நிறுத்தினார்.
இருக்கட்டும், என்றார்.