எண்பது வாட் மனிதர்

ஓவுலுவில் ஜூன் மாதம்.
இரவு பதினொன்றுக்கும் வெயில் போகாமல்
வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.
உள்ளே நாங்கள் குளிர் தயாரிக்கிறோம்.

நிறுவனத்தின் மூன்றாம் கொட்டகைக்குள்
முழுசாக ஒரு வீடு.
கூரை உண்டு, மரப்படி உண்டு,
யாரோ விளையாட்டுக்கு மாட்டிய தபால்பெட்டியும் உண்டு.
வானம் மட்டும் அலுமினியத் தகடு.
சுற்றிலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி.

வீட்டில் நான்கு பேர்.
அவர்களைச் செய்தவன் நான்.
ஆளுக்கொரு தகர உருளை, உள்ளே குண்டு பல்பு,
தலையில் ஈரத்துணி வைத்த தட்டு,
மூச்சுவிட.
அப்பா எண்பது வாட். அம்மா எழுபது.
பிள்ளைகள் நாற்பது, நாற்பது.
சின்னதுக்கு விலாவில் ஒரு நெளிவு;
வண்டியிலிருந்து இறக்கும்போது கைதவறிவிட்டது.

காலை ஏழரைக்கு அணைவார்கள்: வேலை, பள்ளிக்கூடம்.
நாலேகாலுக்கு எரிவார்கள்.
ஒருநாளும் தாமதமில்லை. காய்ச்சலில்லை.
விருந்தாளி வந்து மூன்று நாள் தங்கியதில்லை.

பதினோரு நாளில் மென்பொருள்
அவர்களை மனப்பாடம் செய்துவிட்டது.
வருமுன் சூடேற்றும், போகுமுன் தணிக்கும்.
முப்பத்தொரு சதவீதம் மிச்சம்.
ஆராய்ச்சித் தலைவர் இல்போ வான்ஸ்கா
கேக் வாங்கிவந்தார்.

கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மிர்வா கேட்டாள்:
“இவர்கள் சனிக்கிழமை சவுனாவில் உட்காரமாட்டார்களா?”
“அது கணக்கைக் குழப்பும்.”
“குழப்பட்டுமே.”

அன்றிரவே புது அட்டவணை எழுதினாள்.
அதே உருளைகள், வேறு குடும்பம்.
அப்பாவுக்கு ஒருவாரம் இரவு ஷிப்ட்.
சின்னது மூன்று நாள் பள்ளிக்குப் போகாது.
சனிக்கிழமை சவுனா, கதவு பதினான்கு தடவை திறக்கும்.
கடைசியாக ஒரு வரி:
வியாழன், அதிகாலை ஒன்று நாற்பது,
படுக்கையறை ஜன்னல் முழுதாகத் திறப்பு,
இருபத்தைந்து நிமிடம்.

“ஏன் வியாழன்?” என்றேன்.
“ஏதாவது ஒரு கிழமை போடணுமே.”
திரையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.
நான் ஜன்னலுக்கு மோட்டார் மாட்டப் போனேன்.

மென்பொருள் திண்டாடியது.
ஆளில்லா அறையைச் சூடாக்கியது,
பிள்ளை படுத்திருந்த அறையை விறைக்கவிட்டது.
ஜன்னல் திறந்த இரவில்
வெப்பப் பம்பு உச்சத்தில் ஓடி
ஊருக்கே கணப்பு மூட்டியது.
முப்பத்தொன்று பன்னிரண்டானது.
இந்தமுறை யாரும் கேக் வாங்கவில்லை.

ஐந்தாம் வாரம், ஒன்று நாற்பது.
ஜன்னல் திறந்தது.
அது அந்த அறையை மட்டும் விட்டுவிட்டு
ஒதுங்கி நின்றது.
இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை.
ஜன்னல் மூடியபின்
மெல்ல, அடிச்சுவரிலிருந்து தொடங்கியது.
“நல்லது,” என்றாள் மிர்வா,
என்னிடம் அல்ல.

பத்தொன்பது சதவீதம்.

அட்டையில் முப்பத்தொன்று வரட்டும்,
பத்தொன்பது அடிக்குறிப்பில் இருக்கட்டும்
என்கிறார் வான்ஸ்கா.
முப்பத்தொன்று பொய்யுமில்லை;
தகரத்துக்கு அது சத்தியம்.
“தகரமா வாங்கப்போகிறது?” என்கிறாள் இவள்.
முடிவு, நடுக்கோடை விடுமுறைக்குப் பிறகு.

இன்னொரு மீட்டரும் இருக்கிறது, பின்சுவரில்.
இந்தப் பொய்க்குளிரை உண்டாக்க
குளிரூட்டிகள் ஒரு வாரம் குடித்ததில்
நிஜக் குடும்பமொன்று இரண்டு பனிக்காலம் கழிக்கும்.
அதைப் படித்து எழுதுவது என் வேலை.
அதை யாரும் கேட்பதில்லை.

விடுமுறைக்கு முந்தைய மாலை
எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள்.
அம்மா அணைந்துவிட்டதாகத் திரை சொன்னது.
தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்
பல்பை மாற்றினேன்.
மூவரும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தார்கள்.
கோட்டைக் கழற்றிவிட்டு
சோபாவில் சும்மா உட்கார்ந்தேன்.

சுவர்த்திரையில் ஒரு வரி வந்தது:
வரவேற்பறை, ஐந்தாம் நபர், நூற்றுப்பத்து வாட்.
அட்டவணையில் இல்லை.
எங்கோ அடித்தளத்தில் பம்பு
என் அளவுக்குச் சுருதி இறக்கிக்கொண்டது.

வெளியே அணையாத வெயில்.
இன்னும் பத்து நிமிடம்
அதற்கு மிச்சமாக இருந்துவிட்டு வந்தேன்.