ஐம்பது

பிஸ்கட் டப்பாவில் ஆறு துளை.
உள்ளே தீப்பெட்டியளவு பலகை,
நாற்பது ரெசிஸ்டரை அளந்து பொறுக்கியெடுத்த
இரண்டு ஜோடி.

"கடையில் கிடைக்குமே" என்றான் லுபோர்,
டிப்போவில் வேலை முடிந்து
தேநீரில் ரம் ஊற்றிக்கொண்டே.
கிடைக்கும்.
முட்டைக்கோஸ் சூப்பும்தான் கடையில் கிடைக்கிறது.

இசைத்தட்டை வெட்டியவர்கள்
தாழ்ந்த ஒலியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்,
இல்லாவிட்டால் ஒரு வரி
பக்கத்து வரியை உடைத்துக்கொண்டு போய்விடும்.
உச்ச ஒலியை ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள்.
அவர்கள் முறுக்கிய அளவுக்கே நான் அவிழ்க்க வேண்டும்.
கெபாசிட்டர் ஒரு துளி கூடினால் பாடகிக்கு ஜலதோஷம்,
குறைந்தால் தகரம்.
எழுபத்தைந்து மைக்ரோ நொடி என்றது தாள்.
எழுபத்தொன்பது என்றன என் மீட்டரும் பென்சிலும்.
அந்த நான்குக்காக மூன்று இரவு
வைப்பதும் கழற்றுவதுமாய்,
புருவத்தில் ரோசின் புகை.

முதன்முதலில் மின்சாரம் கொடுத்தபோது
ஒலிபெருக்கிக்குள் தேன்கூடு.
எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே திருகில் சேர்த்தேன்,
கொசுவாக இளைத்தது.
டிரான்ஸ்ஃபார்மரை நீண்ட வயரில் கொண்டுபோய்
அலமாரியில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்
அடைத்தேன்.
கொசுவும் போயிற்று.

ஊசி மேலே நிற்கையில் எப்பேர்ப்பட்ட அமைதி!
ஜன்னலில் பனி உரசுவது கேட்டது.
ஒன்பதாம் எண் டிராம் ஏற்றத்தில் திரும்பும் கிறீச்சு கேட்டது.
(என் வண்டிதான். இன்றைக்கு வேறொருத்தி ஓட்டுகிறாள்,
பிரேக்கை அதிகம் மிதிக்கிறாள்.)

ஊசியை இறக்கினேன்.
பிர்னோவின் ஞாயிற்றுச் சந்தையில்
முப்பது கிரவுனுக்கு வாங்கிய தட்டு,
என்றோ ஒஸ்ட்ராவாவில் பதிந்தது,
ஐந்து பேர் ஊதுகிறார்கள்.
புல்லாங்குழலுக்கும் பஸூனுக்கும் அடியில்
அதே முரல்.

டப்பாவை எத்தனை தடவை திறந்தேன் என்று கேட்காதீர்கள்.
சாக்லேட் தாளைச் சுற்றினேன், வயரை முறுக்கினேன்,
செக் மொழியில் இருக்கிற வசவெல்லாம்
வரிசையாய் வைதேன்.
கடைசியில், எரிச்சலில், வேறொரு தட்டு.
சத்தமே இல்லை.
மறுபடி அந்த ஐவர்.
முரல்.
ஊசியைத் தூக்கினால் இல்லை.

வரிக்குள் இருக்கிறது.

அறுபதுகளில் ஏதோ ஓர் அறை.
மைக்கின் முன்னே ஐந்து பேர் மூச்சை இழுக்கிறார்கள்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர்,
காதில் ஹெட்போன்,
அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.
சுவரில் கடிகாரம், அறைக்கு மணி வாடகை,
பஸூன்காரர் வேறு ரயிலைப் பிடிக்க வேண்டும்.
"போகட்டும்" என்றிருப்பார்.
செவ்வாய்க்கிழமை நானும்
அதைச் சொல்ல வாயெடுத்தவள்தான்.

இன்னொரு கெபாசிட்டர் போட்டால் வடித்துவிடலாம்.
கையிலும் எடுத்தேன்.
ஏனோ அதை வைத்துவிட்டு
இடது பக்க வயரை உருவி
வெறும் முனையில் விரலை வைத்தேன்.
என் உடம்பே முரன்றது,
இந்தச் சுவர்களின், இந்த இரவின் மின்சாரம்.
வலது பக்கத்தில் அவர்களுடையது.
இரண்டும் அறை நடுவில் மோதி
வூம்... வூம்...
இரண்டு நொடிக்கு ஒரு தள்ளாட்டம்.

அப்படியானால் என் மேடை தப்பு வேகத்தில் சுற்றுகிறது.
இத்தனை மாதமும் இந்த வீட்டில்
எல்லாரும் ஒரு மயிரிழை சுதி விலகியே வாசித்திருக்கிறார்கள்,
நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கை முனையில். மறு கையில் திருப்புளி.
தப்பான பக்கம் திருப்பினேன், துடிப்பு விரைந்தது.
இந்தப் பக்கம்,
நான்கு நொடிக்கு ஒன்று,
பத்துக்கு ஒன்று,
பிறகு அடுத்த அலைக்காகக் காத்திருந்தேன்,
காத்திருந்தேன்,
வரவில்லை.

அன்றைய மின்நிலையம் சரியாக ஐம்பதில்தான் ஓடியதா?
அதற்கு யார் சாட்சி.
குளிர்காலமாயிருந்தால் ஊரே அடுப்பேற்றியிருக்கும்,
கொஞ்சம் தளர்ந்திருக்கும்.
எனக்கு இது போதும்.

விரலை எடுத்தேன். அவருடைய முரல் மட்டும் ஓடியது,
அதன்மேல் பஸூன் ஏறி நின்றது.

நாலரைக்கு ஷிப்ட்.
சூப்புக்கு எடுக்கலாமென்று அலமாரியைத் திறந்தால்
டிரான்ஸ்ஃபார்மர் சூட்டில்
உருளைக்கிழங்கெல்லாம் முளைவிட்டிருந்தது.