கேள்வி பதினொன்று

சாட்ஸ்வர்த் ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு.
முப்பத்தோரு வருஷம் நான் தள்ளிய கட்டில்களில் ஒன்றில்
இன்று என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.
இந்தக் கூரை இவ்வளவு அழுக்கு என்று
நின்றுகொண்டிருந்த வரை எனக்குத் தெரியாது.

நாளைக் காலை ஏழரைக்கு
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
பிதுங்கிக் கிடப்பதை எடுத்துவிட்டு
இரண்டு கம்பி, நாலு திருகாணி.
டாக்டர் ம்கீஸே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.
"பெரிய வேலை இல்லை, சிஸ்டர் மூட்லி."
இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
தலையணை உறையை இழுத்துவிட்டபடி,
கண்ணைப் பார்க்காமல்.

சாயங்காலம் நொக்வாண்டா படிவத்தோடு வந்தாள்.
கேள்வி பதினொன்று:
முன்பு முதுகில் அடிபட்டதுண்டா?

ஒன்பது வயதில், டோங்காட்டில், லிச்சி மரம்.
ஆலைச் சங்கு ஊதுகிற நேரம்.
முதலில் தகரம், அப்புறம் தரை.
பறித்த கொத்தை நான் விடவில்லை.
அம்மா அதைப் பத்திரமாக வாங்கி வைத்துவிட்டு
பிறகு அறைந்தாள்.
சிரித்துக்கொண்டே எழுதினாள் நொக்வாண்டா.

எழுபத்தொன்பதில் பஸ்.
சில்வர்க்ளென் வளைவு, மழை,
முப்பது பேரோடு ஒருக்களித்துப் படுத்தது.
ஜன்னல் வழியாக ஏறி வந்து
பயிற்சி நர்ஸின் புது ஏப்ரனைக் கிழித்து
நாலு பேருக்குக் கட்டுப் போட்டேன்.
என் விலா விரிந்திருப்பது தெரிந்தது
மூன்றாம் நாள், தும்மியபோது.

அப்புறம், தூக்கினது.
அதை எப்படி எழுதுவாய்?
நூற்றுப்பத்து கிலோ மிஸ்டர் படையாச்சி,
குளியலறைக் கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே.
உயிர் போன பிறகு இன்னும் கனத்தவர்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித்தான் தூக்குவோம்.
மூன்றில் யாரோ ஒருத்தி எப்போதும் தாமதிப்பாள்.
அவள் பங்கு என் இடுப்பில் இறங்கும்.

"இவ்வளவுதானா, ம்மா?"
இவ்வளவுதான்.
கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணிக்கு விளக்கணைத்தார்கள்.
பக்கத்துக் கட்டில் மிஸஸ் காசிம்
தூக்கத்தில் யாரிடமோ சில்லறை கேட்டாள்.
லாரி வெளிச்சம் கூரையில் ஊர்ந்து போயிற்று.

எண்பத்தாறு, ஜூன், ஞாயிற்றுக்கிழமை.
பீன்ஸ் கறி அடிபிடித்திருந்தது.
அதற்காக இல்லை.
எதற்காக என்று லோகனுக்கும் தெரியாது.
சமையலறை மேசை விளிம்பு
சரியாக நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே.

மறுநாள் இதே கட்டடம், கீழே, அவசரப் பிரிவு.
எனக்கான சீட்டை நானே நிரப்பினேன்.
"ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்."
விழுந்தார் என்று,
மரியாதையாக.

அன்றிரவு அதே கை
யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்தது, அரை மணி நேரம்.
துறைமுகக் கயிறு இழுத்துக் காய்த்த கை;
எங்கே வலிக்கும் என்று அதற்குத்தான் தெரியும்.
நான் அழவில்லை. நன்றாகத் தூங்கினேன்.
அதைத்தான் இத்தனை வருஷமும்
எனக்கு மன்னிக்க முடியவில்லை.

லோகன் போய் ஒன்பது வருஷம்.
நாளை அந்த இடத்தைத் திறக்கிறார்கள்.
திறந்து பார்க்கிறவருக்கு
எது லிச்சி, எது பஸ், எது அவர் என்றா தெரியப்போகிறது?

மணியை அழுத்தினேன்.
ஓடி வந்தாள். "வலியா?"
கேள்வி பதினொன்று, இன்னும் ஒன்று இருக்கிறது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முழங்கால் மேல் வைத்து எழுதினாள்.
நாலு வார்த்தைதான் சொன்னேன்.
பெயரை மட்டும் எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
பேனாவை மூடிவிட்டு
கால்மாட்டிலேயே நின்றாள்.
ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அதனால் நானே முந்திக்கொண்டேன்:
இந்தக் கட்டிலின் வலது பின்சக்கரம் பூட்டாது,
தொண்ணூற்றாறிலிருந்தே பூட்டாது,
ஏதாவது முட்டுக் கொடு.

குனிந்து தேடி
என் செருப்பில் ஒன்றை எடுத்து
அடியில் செருகிவிட்டுப் போனாள்.