இடமிருந்து வலம்

படக்காரர் இரண்டு மணிப் படகைப் பிடித்தாக வேண்டும்.
எங்கள் தீவுப் பள்ளியில் மன்றங்கள் ஒன்பது,
மேல்வகுப்பில் நாங்கள் ஐந்து பேர்.

சதுரங்கம். இடமிருந்து வலம்: டல்க், லொரெட்டா, நான்.
சட்டையை மாற்று.
நாடகம்: லொரெட்டா, நான், கீப்பிங்,
ஒட்டுமீசை இன்னும் கழலாத ஹைன்ஸ்.
மறுபடியும் மாற்று.
கைப்பந்துக்கு ஆறு பேர் வேண்டுமே!
ஆறாவதாக, பேருந்து ஓட்டும் மெர்ல்
அரைக்கால் சட்டையில்,
தன் முழங்காலைத் தானே பார்த்துக்கொண்டு.

வாத்தியக் குழுவில் டியூபாதான் தெரியும்.
அதற்குப் பின்னால் லொரெட்டா இருக்கிறாள், நம்புங்கள்.

விவாத மன்றம்: அவள் மட்டும்.
எழுந்து பேசுவாள்,
நாற்காலி மாறி உட்காருவாள்,
தொண்டையைச் செருமித் தன்னையே மறுப்பாள்,
பெரும்பாலும் தோற்றும் போவாள்.
நேரம் பார்க்க நான்.

ஒன்பதாவது படத்தில் எல்லாருக்கும் தலை கலைந்திருக்கிறது,
என் சட்டையின் தையல் வெளியே.

ஜனவரியில் நண்டு ஆலையை மூடினார்கள்.
அவள் அப்பாவுக்கு ஆல்பர்ட்டாவில் வேலை.
போனது ஒருத்தி;
ஏழு மன்றங்களில் ஆள் குறைந்தது.
டியூபா பெட்டிக்குள் படுத்திருக்கிறது,
சாவி அவளோடு போய்விட்டது.

ஆண்டுமலரில் படங்களுக்கு அடியில் பெயர் எழுதுவது நான்.
ஏழாவது முறை அவள் பெயர் வந்தபோது
பேனாவை மாற்றினேன்;
மை தீர்ந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை விவாத மன்றம் கூடியது.
நேரம் பார்க்க ஆளில்லை.
தலைப்பு: தீவை விட்டுப் போவதே நல்லது.
எழுந்து பேசினேன்.
நாற்காலி மாறி உட்கார்ந்தேன்.
வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுக்க ஒன்றும் வரவில்லை.
ஜெயித்துவிட்டேன்.